கல்லும் கடனும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சமயம் பேசுவதும் ஒழுக்கம் பேசுவதும் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டனர். கேட்டதற்குக் காரணம் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. இம்மண்டபத்தின் வடபுறத் தாவாரம் சென்ற மாரியில் இறங்கிவிட்டது. மழை பெய்தால் வாசிகசாலை அலுமாரியை மூலைக்கு மூலை இழுத்துத் திரிகின்றோம். பழையதை எடுத்துவிட்டுப் புதியது கட்டுவதென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானமாயிற்று. அதில் எவருக்கும் மறுப்பில்லை. எப்படி இடிப்பது, இடித்ததை எங்கே போடுவது என்பதிலேதான் சங்கம் இரண்டுபட்டு நிற்கின்றது.

பெக்கோ ஒன்றைக் கொண்டுவந்தால் அரை நாளில் வேலை முடியும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் களப்போரத்துப் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்பது ஒரு கட்சி. ஓடு ஓடாக, கல் கல்லாகக் கழற்றி, ஆகக்கூடியதைப் புதுக் கட்டடத்திலேயே சேர்ப்போம் என்பது மறு கட்சி. நாம் இரண்டாங் கட்சி. அதை மறைத்து வைத்துக்கொண்டு நடுநிலைபோலப் பேசுவது முறையன்று. ஆகவே முதலிலேயே சொல்லிவிட்டோம். முதற் கட்சியாரின் நியாயத்தையும் இடையிடையே எடுத்துப் பார்ப்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை.

எடுப்பது, செய்வது, எறிவது என்று ஒரே நேர்கோட்டில் ஓடும் வாழ்க்கையை வளைத்து, எறியும் பொருளையே மீண்டும் எடுக்கும் பொருளாக்குவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று உலகம் பேசுகின்றது. கட்டடத் தொழிலில் இப்பேச்சு பலமாய் எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சேரும் கழிவு முழுவதிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் கட்டுவதாலும் இடிப்பதாலும் வருவது. உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு சீமெந்துத் தொழிலொன்றினால் மட்டும் வருகின்றது. குப்பையை ஓரிடத்தில் மலையாகக் குவிப்பதன் முடிவை நம் நாட்டிலேயே கண்டோம். 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் தேதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இந்தச் சுழற்சி என்பது நமக்குப் புதிதா? ஒரு காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வேலி அடைத்துப் பழகிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். பனையோலை முதலில் வேலியாகவோ கூரையாகவோ நிற்கும். வெயிலும் மழையும் தின்று அது உக்கத் தொடங்கியதும் எவரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. பிரித்தெடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், மண்ணை வெட்டித் தாழ்ப்பார்கள். அவ்வோலை உக்கி எருவாகும். அந்த எருவிலே புகையிலையும் மிளகாயும் விளையும். வீட்டின் சுவர் வயிற்றுக்குச் சோறாகும் கணக்கு அது. வளையும் சிலாகையும் முற்றிய பனையில் அறுத்தவை. ஒரு வீடு பிரிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும், அதுவும் முடிந்தால் மாட்டுக்கொட்டிலுக்குப் போகும், கடைசியில் அடுப்புக்குப் போகும். இதற்கு நம்மவர் பெயர் வைக்கவில்லை. வறுமையில் செய்தார்கள் என்று சிலர் சொல்வர். வறுமையும் ஒரு காரணந்தான். ஆயினும் வறுமை மட்டுமே காரணமாயின், கொஞ்சம் காசு வந்தவுடன் அந்த அறிவும் ஏன் கூடவே போய்விட வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஒரு நகரத்தையே இவ்விதம் கட்டிப் பிரித்த வரலாறு நம் கரைக்கு உண்டு. சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் இடையில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளிலெல்லாம், வெறும் மணலாய்க் கிடந்த கரையில் சில கிழமைகளுக்குள் பெரும் பட்டினம் ஒன்று எழும்பும். தடியும் கிடுகும் ஓலையுமே அதன் பொருள். கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, கடைத்தெரு யாவும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் அரபு நாட்டுக் கரையிலிருந்தும் வந்த சுழியோடிகளும், வியாபாரிகளும், வந்தவர் காசைப் பறிக்க வந்தவர்களுமாகப் பல்லாயிரம் பேர் அங்கே குடியிருப்பர். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு வந்தன. மறு ஆண்டுக் குளிப்பில் அங்கே அரசாங்க உத்தியோகத்தராய் நின்ற லெனாட் வூல்ஃப் பின்னாளில் பெரிய எழுத்தாளராகி அந்த அனுபவத்தை எழுதியும் வைத்தார். குளிப்பு முடிந்தால் பட்டினமும் முடியும். தடி, கிடுகு எல்லாவற்றையும் அவரவர் கழற்றிக்கொண்டு போய்விடுவர். மிஞ்சியவை கிணறுகளும் சிப்பி ஓட்டுக் குவியல்களுமே. அழுகிய சிப்பியின் நாற்றமும் சில நாள் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நாம் பழமையைப் பொய்யாய்ப் புகழ்கிறோம் என்று ஆகிவிடும்.

அந்தச் சிப்பி ஓடு வீணாயிற்றா? அரிப்புக் கரையில் இடிந்து நிற்கும் பழைய மாளிகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடெறிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலங்களில் தங்குவதற்கென 1801 முதல் 1804 வரையில் கட்டுவித்தது. டொறிக் மாளிகை என்பர். சுவர் செங்கல், மேற்பூச்சு சிப்பி ஓட்டைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அப்பூச்சைத் தேய்த்து மெருகிட்டபோது வெண்சலவைக்கல் போலப் பளபளத்ததென்று அக்காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். முத்தெடுத்தபின் எறிந்த ஓடே தேசாதிபதியின் தூணுக்கு மேனியாயிற்று. இப்போது கடல் கரையை அரித்து அரித்து மாளிகையின் பாதியை வாங்கிவிட்டது. விழுந்த துண்டுகள் அலையிலே உருண்டு மீண்டும் மணலாகின்றன. கடலுக்கு அது அந்நியப் பொருள் அன்று. நாம் இன்று ஊற்றும் கொங்கிறீட்டும் பொலித்தீனும் அப்படிக் கரைந்து போகுமா?

சுண்ணாம்பைப் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும். நம் தீர்மானத்துக்கு நேராகத் தொடர்புள்ளது அதுவே. இம்மண்டபத்தைக் கட்டிய மேசன்மார் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டினார்கள். கீழ்ப்படையில் முருகைக்கல் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. சுவரைப் பிரிக்கும்போது சாந்து உதிரும், கல் முழுதாய் வரும். கொத்துளியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டினாற் போதும். சீமெந்துச் சாந்து அவ்வாறன்று. அது பல இடங்களில் கல்லைவிட வலியது. சீமெந்தில் கட்டிய சுவரைப் பிரித்தால் சாந்து விடாது, கல்லே உடையும். ஆகவே இம்மண்டபத்தின் கல்லை மீட்கலாம்; இன்று நாம் சீமெந்தில் கட்டும் கட்டடத்தின் கல்லை நம் பேரர் மீட்க முடியாது. வலிமை ஒன்றையே பார்த்துப் பொருளைத் தேர்ந்தோர், பிரிக்கும் நாளை எண்ணவில்லை. பழைய மேசன் பிரிக்கும் நாளை எண்ணியே சுண்ணாம்பைத் தேர்ந்தான் என்று நாம் கதை கட்ட மாட்டோம். அவனிடம் இருந்தது சுண்ணாம்பு, அவ்வளவே. ஆனால் அவனிடம் இருந்தது நமக்கு நன்மையாய் முடிந்தது.

முருகைக்கல்லுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. புதிதாக முருகைக்கல் எடுக்க இன்று வழியில்லை. கடலிலிருந்து அதை உடைத்தெடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. தடுத்ததும் சரியே. முருகைப் பாரைக் காவலாகக் கொண்டே நம் கரை அலைக்குத் தப்புகிறது. மீனும் அங்கேதான் குஞ்சு பொரிக்கிறது. ஆகலின் இச்சுவரின் கீழ்ப்படையில் உள்ள ஒவ்வொரு கல்லும் இனி எங்கும் வாங்க முடியாத கல். அதைக் கொண்டுபோய்க் களப்பில் கொட்டச் சொல்லும் நண்பர்கள் இதை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

இனி, கல் எடுத்துக் கட்டுவதில் நம் மனத்தை நோகச் செய்யும் கதைக்கு வருவோம். பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரம், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்த பின்னர் அழிந்தது. 1560 இல் அவர்கள் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். ஆலயத்துக் கல்லே அந்தக் கோட்டைச் சுவருக்குப் போயிற்று என்று நம்மவர் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருகின்றனர். 1658 இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. 1696 இல் அவர்கள் அதைத் திருத்திக் கட்டினர். பின்பு 1795 இல் ஆங்கிலேயர் எடுத்தனர். மூன்று கொடிகள் மாறியும் கோட்டை ஒரே இடத்தில் நின்றது, பெரும்பாலும் பழைய கல்லைக்கொண்டே. கட்டடக்கலை மாணவன் ஒருவன் இதைப் பார்த்து, பொருளை வீணாக்காத நல்ல மறுபயன்பாடு என்று மதிப்பெண் கொடுக்கக்கூடும். நமக்கு அப்படித் தோன்றுமா? தோன்றாது. கல் அதே கல். சுவர் உறுதியான சுவர். ஆனால் கொடுத்தவன் இல்லாமல் எடுக்கப்பட்டது. பொருளின் கணக்கு மட்டும் பார்க்கும் சுழற்சிப் பொருளாதாரத்தில் இந்த இடம் வெறுமையாயிருக்கிறது என்பது நம் எண்ணம். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று அது கேட்பதில்லை.

எடுத்ததை மீட்கும் வேலை எத்தனை தலைமுறை பிடித்தது என்பதையும் பாருங்கள். 1872 இல் ஆறுமுக நாவலர் அவர்கள் திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று சைவ மக்களை நோக்கி எழுதினார். அவர் கண்ணால் காணவில்லை. அவர் மறைந்த பின்னர், காடு வெட்டி மண் அகழ்ந்தபோது 1894 இல் பழைய இலிங்கம் வெளிப்பட்டது. சிறு கோயில் ஒன்று எழுந்து 1903 இல் குடமுழுக்கு ஆயிற்று. 1948 இல் திருப்பணிச் சபை அமைத்துப் பெருந்திருப்பணியைத் தோளில் ஏற்றவர் சேர் கந்தையா வைத்தியநாதன். 1950களில் வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சராயும் இருந்தவர் அவர். நாட்டு மக்களுக்கு வீடும் நாதனுக்கு வீடும் ஒருவர் கையில் வந்து சேர்ந்தன. அவரும் 1965 இல் மறைந்தார். 1976 இல்தான் அடுத்த பெருஞ்சாந்தி. பின்னர் 1990 முதல் போர் அவ்விடத்தையும் விடவில்லை. போர் முடிந்த பின் இந்திய அரசின் உதவியோடு, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் கைவன்மையால், கருங்கல்லிலே மீண்டும் திருப்பணி நடந்து 2022 ஜூலை 6 இல் குடமுழுக்கு நிறைவேறிற்று. நாவலர் எழுதியதற்கும் இதற்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டு. முதலில் கண்டெடுத்த அப்பழைய இலிங்கத்தை எவரும் எறிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்; புதிய கோயிலில் அதற்கும் ஓரிடம் கொடுத்து வழிபடுகிறார்கள்.

இங்கே பெரியவர் ஒருவர் சென்ற கூட்டத்தில் எழுப்பிய மறுப்புக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு கட்டடத்தில் இருந்த பொருளை வேறு கட்டடத்தில் வைக்கலாகாது என்பது மனைநூல் வழக்கு, அதை மீறினால் தோஷம் என்றார் அவர். அப்படி ஒரு வழக்கு இருப்பது மெய்யே. அவரை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர் போன்றோர் இல்லாவிடில் வழக்கு என்ற ஒன்றே இராது. ஆனால் சீர்ணோத்தாரணம் என்பதும் நம் ஆகம வழக்குத்தானே? சிதைந்ததை நீக்கி, சிதையாததைப் பேணி, அதே இடத்தில் திருப்பணி செய்வது அது. பத்தாம் நூற்றாண்டிலே சோழ அரசி செம்பியன் மாதேவியார் பழைய செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவிலே பழைய கற்களில் இருந்த கல்வெட்டுக்களைப் புதுச்சுவரில் மறுபடி வெட்டுவித்தார்; இவை முன்பிருந்த கல்லின்படி என்று சொல்லியும் வைத்தார். கல்லை மாற்ற நேர்ந்தபோதும் கல் சுமந்த கடனை மாற்றவில்லை. விளக்கெரிக்க யார் எவ்வளவு நிலம் விட்டார் என்ற கணக்கு அழியாமல் நின்றது.

ஒல்லாந்து தேசத்தில் இன்று கட்டடங்களுக்குப் பொருட் கடவுச்சீட்டு எழுதும் முறை வந்திருக்கிறது. எந்த உத்தரம் எங்கிருந்து வந்தது, எப்படிக் கழற்றுவது என்று அதிற் பதிவார்கள். நம் கோட்டையைப் பிடித்தவர்களின் பேரர்கள் இப்படித் திருந்தினார்களே என்று மகிழலாம். ஆனால் செம்பியன் மாதேவியாரின் சுவரும் ஒரு கடவுச்சீட்டே என்று நாம் அவர்களுக்குச் சொல்லலாம். பெரியவருடைய மறுப்பை முழுதும் தள்ளவும் மாட்டோம். மண்டபத்துள் அமையும் பூசை அறைக்குப் புதுக் கல்லும் புது மரமும் வாங்குவோம். மற்றதற்குப் பழையது போதும்.

கொடுத்தவன் இல்லாமல் எடுத்த கல் என்றோம். அதை நானூறு ஆண்டுக்கு முந்திய அந்நியர்மேல் மட்டும் ஏற்றிவிட்டு நாம் கை கழுவ முடியாது. 1990 இல் இத்தீவிலிருந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நம்மவரும் கத்தோலிக்க மக்களும் ஊரை விட்டு ஓடி, மடுவிலும் கடலுக்கப்பால் இராமேசுவரத்திலும் ஒதுங்கினார்கள். திரும்பி வந்தவர் பலர் கண்டது நான்கு சுவர். கூரை ஓடு, கதவு, யன்னல், நிலை, கிணற்றுக் கப்பி ஈறாக எல்லாம் போயிருந்தன. றெயில் பாதையிலே தண்டவாளமும் இல்லை, சிலிப்பரும் இல்லை. வடக்கில் எத்தனையோ பதுங்குகுழிகளுக்கு அவை கூரையாயின. தலைமன்னாருக்கு மீண்டும் றெயில் ஓட 2015 ஆக வேண்டியிருந்தது. போரிலே உயிர் காக்கச் சிலிப்பர் எடுத்தவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஓடும் கதவும் வேறு.

சங்கத்துக் குடும்பம் ஒன்றிலே நடந்தது இது. அந்த நாட்களில் பழைய சாமான் விற்பவன் ஒருவனிடம் நல்ல விலைக்கு ஒரு வேப்பமரக் கதவும் நிலையும் வாங்கி, தம் வீட்டின் முன்வாசலில் வைத்தார்கள். எங்கே கழற்றியது என்று அவர்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பல ஆண்டு கழிந்து, புத்தளத்திலிருந்து மீள வந்த முதியவர் ஒருவர் வேறு காரியமாய் அவ்வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. கதவின் பின்புறம் தாழ்ப்பாளுக்குக் கீழே விரலால் தடவினார். அங்கே அவர் மகன் சிறு வயதில் ஆணியாற் கீறிய படகு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் அன்றே கழற்றித் தருவதாய்ச் சொன்னார். முதியவர் கதவை மட்டும் கேட்டார். "நிலையைக் கழற்றினால் உங்கட சுவர் உடையும் தம்பி, அது இருக்கட்டும்" என்றார். இன்றும் அவ்வீட்டில் அந்த நிலையும் புதுக் கதவுமாக இருக்கின்றன. அளவு சரியாகப் பொருந்துவதில்லை, மாரிக்கு இறுகும். நாம் அவ்வாசலைக் கடக்கும்போதெல்லாம் பழைய பொருளை வாங்கு முன் கேட்க வேண்டிய கேள்வி நினைவுக்கு வருகின்றது. ஆகையினால் நம் மண்டபத்துக்கு வெளியிலிருந்து பழைய மரமோ ஓடோ வாங்குவதானால், எந்த வீட்டினது, யார் கொடுத்தது என்று எழுத்தில் பெற்ற பின்பே வாங்குவதென்று ஒரு விதி செய்யும்படி கேட்கின்றோம். விலை சற்றுக் கூடுமாயின் கூடட்டும்.

போருக்குப் பின் வீடு கட்டும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்கிலே ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து, வீட்டுக்காரரே நின்று கட்டும்படி விட்டார்கள். பணம் போதாமல் கடன்பட்டவர் உண்டு. ஆயினும் உள்ளூர் மேசனும் தச்சனும் வேலை பெற்றனர்; இடிந்த பழைய சுவரின் கல்லை அத்திவாரத்துக்கு நிரப்பியோர் பலர். 2016 அளவில் பன்னாட்டுக் கம்பனி ஒன்றின்மூலம் அறுபத்தையாயிரம் உருக்கு வீடுகளைப் பொருத்தும் திட்டம் வந்தது. ஒன்றுக்குச் செலவு அதைவிட எத்தனையோ மடங்கு. உப்புக் காற்றில் உருக்கு என்னாகும், வெயிலில் உள்ளே யார் இருப்பார், பழுதானால் எந்த ஊர் மேசன் திருத்துவான் என்று பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்டார்கள். அது நிறைவேறாமற் போயிற்று. வீட்டைத் திருத்தத் தெரிந்தவன் அதே ஊரில் இல்லாவிட்டால் அவ்வீடு முதற் பழுதிலேயே கழிவாகும். இதை நாம் மறக்கக்கூடாது.

களப்போரத்துப் பள்ளத்துக்கு வருவோம். இதில் குற்றம் நம்முடையதே. சில ஆண்டுக்கு முன் சங்கத்தின் பின்கட்டை இடித்தபோது, அந்த உடைசல் முழுவதையும் அங்கேதான் கொட்டினோம். நாமே பக்கத்தில் நின்று கொட்டுவித்தோம். இன்று போய்ப் பாருங்கள். நாம் கொட்டியதைக் கண்டு ஊரார் கொட்டினர். உடைந்த மலசலகூடப் பீங்கான், பொலித்தீன், வலைத்துண்டு, பழைய பற்றரி எல்லாம் அங்கே. கண்டல் மரங்களின் காலடியில் மூச்சுக்கு இடமில்லை. மன்னார்த் தீவு மணல் தீவு. நம் கிணற்று நன்னீர் மழையால் வந்து மணலுக்குள் மெல்லிய படையாய் உப்புநீரின் மேலே மிதப்பது. மேலே கொட்டியது கீழே இறங்க இங்கே பாறை எதுவும் தடையாய் இல்லை. கடல் கொண்டுவந்து போடுவதே நமக்குப் போதும்: 2021 இல் எக்ஸ்-பிறஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது தொன் கணக்கான பிளாஸ்ரிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் பரந்தன, 2025 இல் கேரளக் கடலில் மூழ்கிய கப்பலின் மணிகள் நம் வடகரைக்கே வந்தன. அவற்றை மணலிலிருந்து அரித்தெடுத்த இளைஞர்களுக்கு, ஒரு குப்பை சிதறிய பின் அதைத் திரும்பச் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும்.

முதற் கட்சியாரின் வலுவான நியாயம் செலவும் காலமும். கையால் கழற்ற மூன்று கிழமை பிடிக்கும், கூலி கூடும் என்கிறார்கள். உண்மை. உப்பேறிய கல்லை அப்படியே கட்ட முடியாது என்பதும் உண்மை. சுத்தம் செய்து ஒரு மாரி முழுவதும் மழையில் நனையவிட்டே கட்ட வேண்டும், அல்லாவிடில் பூச்சு உரியும். ஆகவே சுவர் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும். ஆனால் மறுபக்கக் கணக்கையும் போட்டோம். ஓட்டிலே நான்கில் மூன்று பங்கு நல்லது. தீராந்தி இரண்டில் ஒன்று கறையான் தின்றது, மற்றது வைரமாய் இருக்கிறது. வளைகளின் நுனி உக்கியிருக்கிறது. அறுத்துக் குறுக்கினால் புதுத் தாவாரத்துக்கு ஆகும். செங்கல் பாதிக்கு மேல் தேறும். தேறாததை உடைத்து நிலத்துக்கு நிரப்பலாம். அவ்வளவுக்கு ஆற்று மணலும் கல்லும் வாங்க வேண்டியதில்லை. சுனாமிக்குப் பின் காலியிலே கட்டட உடைசலை அரைத்துத் திரும்பப் பயன்படுத்த ஒரு நிலையமே அமைத்தார்கள். நமக்கு நிலையம் வேண்டாம், நாலு சுத்தியலும் ஓர் அரிதட்டும் போதும்.

ஒன்றிலே மட்டும் பெக்கோக் கட்சியும் நம் கட்சியும் சேர்ந்து கவனமாயிருக்க வேண்டும். முன்விறாந்தையில் பிற்காலத்தில் போட்ட அஸ்பெஸ்ரஸ் தகட்டைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது, உடைக்கவும் கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக் கொல்லும். அரசாங்கம் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நினைத்தது; தேயிலைப் பெட்டியில் வண்டு கண்டதாகச் சொல்லி றஷியா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த நினைப்பு மாறிற்று. வண்டுக்கும் தகட்டுக்கும் என்ன உறவு என்று நம்மைக் கேளாதீர்கள். தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாய் இறக்கிப் பொதிந்து வைப்போம். ஒப்படைக்க வேண்டிய இடத்தைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படைப்போம். வாலிபர்கள் எவரும் விளையாட்டாய் அதன்மேல் ஏறவும் வேண்டாம்.

புதுக் கட்டடத்தின் சுவர்ச்சாந்து சுண்ணாம்பாக இருக்க வேண்டுமென்றும், தூணுக்கும் வளையத்துக்கும் மட்டும் கொங்கிறீட் போதுமென்றும், கடல் மணல் ஒரு சட்டியும் அதிற் கலக்கக்கூடாதென்றும் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடல் மணலின் உப்பு கம்பியைத் தின்று கூரையை வெடிக்கச் செய்வதை இவ்வூரில் எத்தனையோ வீடுகளில் கண்டோம். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த முதிய மேசன் ஒருவர் இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, பக்கத்தில் நின்று சொல்லித் தர இசைந்திருக்கிறார். இரண்டு இளைஞர்கள் அவரிடம் பழக வேண்டும். பெயர் கொடுத்தவர் இதுவரை ஒருவர்தான்.

வாக்கெடுப்பு இக்கூட்டம் முடிந்ததும் நடக்கும். நம் கட்சி வென்றால், வருகிற சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓடு இறக்கத் தொடங்குவோம். கூரையில் ஏற மெலிந்தவர்கள் நான்கு பேர் வேண்டும். கீழே நின்று கை மாற்றி வாங்க எத்தனை பேர் வந்தாலும் வேலை உண்டு. தாய்மார்கள் ஓடு துலக்கப் பழைய தேங்காய்ப் பொச்சுக் கொண்டு வந்தால் நல்லது. இறக்கிய ஓட்டைக் கிணற்றடியில் அன்று, மேற்கு மதிலோரம் நூறு நூறாக அடுக்குவோம். எண்ணிக்கை எழுதும் கொப்பியைச் செயலாளர் வைத்திருக்கிறார். அதன் முதற் பக்கத்தில், இம்மண்டபம் எழுந்த நாளில் ஓடு வாங்கிக் கொடுத்தவர்கள், மரம் தறித்துக் கொடுத்தவர்கள், கல் ஏற்றிய வண்டிக்காரர்கள் ஆகியோரின் பெயர்களைப் பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதிவிட்டோம். மூன்று பெயர்கள் கறையான் தின்று வாசிக்க முடியவில்லை. பெரியவர்களில் எவருக்கேனும் அவை நினைவிருந்தால் தயவுசெய்து வாக்கெடுப்புக்கு முன் வந்து சொல்லுங்கள்.